தூக்கத்தில் கை கால் வீசும் பெரியவருக்காகக் குறிப்பேடு எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில், தாத்தா விடியற்காலையில் தூக்கத்திலேயே கூச்சலிட்டுக் கையை ஓங்குவார். பாட்டி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பல ஆண்டுகள் கழித்துத் தாத்தாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோதுதான் மருத்துவர் அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அந்த இரவுகளைக் கண்ணால் கண்ட பாட்டி அப்போது உயிரோடு இல்லை. தாத்தாவுக்கோ எதுவும் நினைவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரமாவது குறிப்பேடு எழுதி வையுங்கள்.

எதற்காக எழுத வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கனவு காணும் 'ரெம்' தூக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுவதால்தான், கனவில் ஓடினாலும் கால் அசைவதில்லை. பிரான்சின் லியோன் நகரில் ஆய்வு செய்த மிஷேல் ஜூவே, மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியை இழந்த பூனைகள் தூங்கியபடியே எழுந்து இரையைத் தாக்குவதுபோல் நடந்துகொண்டதை 1960களில் கண்டறிந்தார். மனிதர்களிடம் இதே கட்டு அவிழ்வதை மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்டு ஆகிய இருவரும் 1986இல் ஒரு தனி நோயாக விவரித்தார்கள்; 'ரெம் தூக்க நடத்தைக் கோளாறு' என்பது அதன் பெயர். வேறு காரணம் தென்படாமல் இந்நோய் உறுதிசெய்யப்பட்ட 1280 பேரைப் பல நாட்டு மையங்கள் சேர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, 12 ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் போன்ற இயக்க நோயோ மறதி நோயோ வெளிப்படும் வாய்ப்பு 73.5 விழுக்காடு. இந்த எண்ணைப் பெரியவரிடம் நீங்களாகச் சொல்லாதீர்கள்; அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று மருத்துவர் அவரிடமே கேட்பதுதான் முறை.

குறிப்பேட்டில் மிக முக்கியமானது நேரம். அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்குக் கத்தினார் என்ற இரண்டையும் எழுதுங்கள். தூங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் எழுந்து நடப்பது பெரும்பாலும் தூக்கநடை என்னும் வேறொரு கோளாறு. ரெம் தூக்கம் மிகுந்திருக்கும் பின்னிரவில் படுத்தபடியே குத்துவதும் உதைப்பதும் நாம் தேடும் அறிகுறி. பெயர் சொல்லி அழைத்தவுடன் தெளிவாக விழித்தாரா, கனவைச் சொன்னாரா, அந்தக் கனவும் கையின் அசைவும் பொருந்தினவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலத்த குறட்டையோ மூச்சு நின்று திணறுவதோ இருந்தால் தவறாமல் குறியுங்கள், ஏனென்றால் மூச்சுத்தடையும் இதே தோற்றத்தைத் தரும்.

பகலில் பெரியவரின் சம்மதம் பெற்று, இரவில் செல்பேசியால் வீடியோ படம் எடுங்கள். கனத்த போர்வைக்குள் கால் அசைவது தெரியாது. டர்பன் கோடையில் மெல்லிய துணியே போதும் என்பதால் அந்த மாதங்களில் படம் தெளிவாக விழும்.

படுக்கப் போகும்போது, விழித்திருக்கையிலேயே கால் குறுகுறுத்து, எழுந்து நடந்தால் அடங்குகிறது என்றால் அது வேறு கோளாறு. அதற்கு உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேளுங்கள்.

குறிப்பேட்டின் பகல் பக்கத்தில், பார்க்கின்சனின் தொடக்க அறிகுறிகளாக இருக்கக்கூடிய தாளிக்கும் வாசனை தெரியவில்லை, மலச்சிக்கல், கையெழுத்து சிறுத்துவிட்டது, நடக்கும்போது ஒரு கை வீசுவதில்லை என்பவற்றை, தொடங்கிய ஆண்டோடு எழுதுங்கள். மருந்துகள் எல்லாவற்றையும் தொடங்கிய தேதியோடு குறியுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இந்தக் கோளாறைத் தூண்டக்கூடும். அதற்காக எதையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திராமல் இன்றிரவே செய்ய வேண்டியவையும் உண்டு. கட்டிலருகே உள்ள கண்ணாடிப் பொருள்களை அகற்றி, மெத்தையைத் தாழ்வாகப் போடுங்கள். கொள்ளைப் பயத்தால் தலைமாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் இங்கே உண்டு. அது பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டு, சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும். அவர் கை வீசும்போது பிடித்து அமுக்காமல், எட்ட நின்று பெயர் சொல்லி அழையுங்கள். மனைவி அதே அறையில் தனிக் கட்டிலில் படுப்பது நல்லது. ஐம்பது ஆண்டு ஒன்றாகப் படுத்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மனைவியின் முகத்தில் காயம் பட்டதைக் காலையில் பார்க்கும் கணவருக்கு அதைவிடப் பெரிய வேதனை இல்லை.

அரசு மருத்துவத்தில், டர்பனிலுள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதத்தோடுதான் போக முடியும்; ஆகவே அருகிலுள்ள கிளினிக்கில் தொடங்குங்கள். தனியார் மருத்துவரிடம் செல்வோர், இரவு முழுவதும் வீடியோவுடன் செய்யும் தூக்கப் பரிசோதனைக்கு உங்கள் மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்ட் பணம் தருமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கோளாறை உறுதிசெய்வது அந்தப் பரிசோதனைதான். உங்கள் வீட்டுப் பாட்டி தமிழில் சொல்லச் சொல்ல எழுதியதை, பேரப்பிள்ளைகள் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும்.

இந்தக் கோளாறுக்கு மருத்துவர் தரும் மருந்துகளான மெலடோனினோ குளோனசெபாமோ தொடங்கிய பிறகும் குறிப்பேட்டை நிறுத்த வேண்டாம். குளோனசெபாம் முதியவர்களின் நடையைத் தள்ளாடச் செய்யலாம், மூச்சுத்தடையையும் கூட்டலாம்; ஆகவே இரவில் கழிவறைக்குப் போகையில் தடுமாறினாரா என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.