படைவீரரின் விடுவிப்புத் தர உயர்வு மனுவை ஆய்வது எப்படி?

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியேறிய ஒருவர், தம் பணிவிடுவிப்பின் தரத்தை உயர்த்தக் கோரும் மனுவை உங்களிடம் தந்து, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டால், அவர் எழுதிய கடிதத்தை முதலில் படிக்காதீர்கள். கடிதம் மனத்தை ஒரு பக்கம் சாய்த்துவிடும், பிறகு ஆவணங்களைப் பார்க்கும்போது கடிதத்துக்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படும். இத்தகைய மனுக்களைத் தீர்மானிக்கும் ராணுவ வாரியத்தின் உறுப்பினர்கள் அந்தக் கோப்பை எந்த வரிசையில் அணுகுவார்களோ அதே வரிசையில் நீங்களும் அணுக வேண்டும். அந்த வரிசை டிடி 214 எனப்படும் விடுவிப்புச் சான்றிதழில் தொடங்குகிறது.

இந்தச் சான்றிதழின் சுருக்கப் பிரதியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. வீரரின் பணித் தன்மை 24-ஆம் கட்டத்திலும், எந்த விதியின்கீழ் விடுவிக்கப்பட்டார் என்பது 25-ஆம் கட்டத்திலும், விடுவிப்புக் குறியீடு 26-இலும், மீண்டும் படையில் சேரத் தகுதியுண்டா என்பதைக் காட்டும் குறியீடு 27-இலும், விடுவிப்புக்கான காரணம் 28-இலும் இருக்கும், சுருக்கப் பிரதியில் இவை இடம்பெறுவதில்லை. ஆகவே முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மனுதாரர் பெரும்பாலும் 24-ஆம் கட்டத்தைப் பற்றி மட்டுமே கவலைப்படுவார். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் அவரைத் தலைகுனிய வைப்பது பல வேளைகளில் 28-ஆம் கட்டத்தில் உள்ள ஒரு சொற்றொடர்தான். தரத்தோடு காரணத்தையும் குறியீடுகளையும் மாற்றுமாறு கேட்க இடம் இருக்கும்போது அதைக் கேட்காமல் விடுவது, இவ்வகை மனுக்களில் எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை என்பது என் கருத்து.

தரங்களின் படிநிலையும் தெரிந்திருக்க வேண்டும். மரியாதையுடனான விடுவிப்பு, மரியாதைக்குரிய சூழலில் வழங்கப்படும் பொது விடுவிப்பு, மரியாதைக்குக் குறைவான சூழலில் வழங்கப்படும் விடுவிப்பு ஆகிய மூன்றும் நிர்வாக முறையில் தரப்படுபவை. தீய நடத்தைக்கான விடுவிப்பும் மானக்கேடான விடுவிப்பும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே விதிக்கப்படுபவை. பொது விடுவிப்பு பார்வைக்குக் கௌரவமாகத் தோன்றினாலும், 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய பணிக்கான கல்வி உதவித் திட்டத்துக்கு மரியாதையுடனான விடுவிப்பே தேவைப்படுகிறது. எனவே பொது விடுவிப்பு பெற்றவர் உயர்வு கேட்பதை வெறும் மானப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆறு மாதம் கழிந்தால் விடுவிப்பு தானாகவே உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை வீரர்களிடையே நெடுங்காலமாக உலவுகிறது. அப்படி எந்த விதியும் இல்லை, கேட்காமல் எதுவும் மாறுவதில்லை.

எந்த வாரியம், எந்தப் படிவம்

விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகள் ஆகாதிருந்தால், மனு டிடி 293 படிவத்தில் விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்குச் செல்ல வேண்டும். இவ்வாரியங்களின் வேர் 1944-ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் இருக்கிறது. 15 ஆண்டுகள் கடந்துவிட்டாலோ, பொது ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையின் பேரில் விடுவிப்பு வந்திருந்தாலோ, இந்த வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. அப்போது டிடி 149 படிவத்தில், ராணுவ ஆவணத் திருத்த வாரியத்தை அணுக வேண்டும். திருத்த வாரியத்துக்கு மூன்று ஆண்டு வரம்பு உண்டு. அது பிழையையோ அநீதியையோ கண்டறிந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதோடு, நீதியின் நலன் கருதி அந்தத் தாமதத்தை மன்னிக்கவும் வாரியத்தால் முடியும். தாமதம் ஏன் நேர்ந்தது என்று மனுவில் ஒரு வரியும் இல்லையென்றால், உடனே எழுதச் சொல்லுங்கள். 15 ஆண்டுக்குள் இருப்பவர் நேராகத் திருத்த வாரியத்துக்குப் போனால், முதலில் மறுஆய்வு வாரியத்தை அணுகும்படி திருப்பி அனுப்பப்படுவார்.

ராணுவ நீதிமன்றம் விதித்த விடுவிப்பாக இருந்தால், குற்றவாளி என்ற தீர்ப்பையே ரத்துசெய்யும் அதிகாரம் எந்த வாரியத்துக்கும் கிடையாது, கருணையின் அடிப்படையில் தண்டனையின் கடுமையைக் குறைக்கவே முடியும். அத்தகைய மனுவில் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று பத்துப் பக்கம் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பத்துப் பக்கமும் வீண்.

கோப்பைத் திரட்டுதல்

படைப்பணி ஆவணங்கள் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் வழியாகப் பெறப்படுகின்றன. அங்கே 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீயில் 160 முதல் 180 லட்சம் வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் அழிந்தன. வயது முதிர்ந்த மனுதாரரிடம் போதிய ஆவணம் இல்லையென்றால், அதை அவருடைய அலட்சியமாகக் கருத வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, பணிமதிப்பீட்டு அறிக்கைகள், விருதுகள், தண்டனைப் பதிவுகள், மருத்துவக் குறிப்புகள், விடுவிப்பு நடவடிக்கைக் கோப்பு ஆகிய அனைத்தும் வந்த பின்னரே மனுவை அனுப்ப வேண்டும். ஏனெனில் வாரியம், அரசு தன் நடவடிக்கைகளை முறைப்படியே செய்திருக்கும் என்ற அனுமானத்தில் தொடங்குகிறது, அதை அசைப்பதற்கான ஆதாரத்தை மனுதாரர்தான் கொடுத்தாக வேண்டும்.

திரட்டியதைக் கால வரிசையில் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எப்போது சேர்ந்தார், எப்போது போர்க்களத்துக்குச் சென்றார், எப்போது திரும்பினார், முதல் தவறு எப்போது பதிவானது என்பவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது, கடிதத்தில் சொல்லப்படாத கதை தானே தெரியவரும். மூன்றாண்டுகள் குறையே இல்லாத மதிப்பீடுகள் பெற்ற ஒருவர், களத்திலிருந்து திரும்பிய ஐந்தாம் மாதத்தில் தொடர்ந்து பணிக்குத் தாமதமாக வந்து, ஏழாம் மாதத்தில் கஞ்சா சோதனையில் அகப்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளே அவருடைய வலுவான வாதம்.

முறைமையும் நியாயமும்

மறுஆய்வு வாரியம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. விடுவிப்பு நடந்த விதம் சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்டதா என்பது முறைமை பற்றியது. அன்று விதிப்படியே நடந்திருந்தாலும், அந்தத் தரம் இவருக்குத் தகுமா என்பது நியாயம் பற்றியது. மனுவில் இவ்விரண்டும் குழம்பிக் கிடப்பதே வழக்கம், ஆகவே ஆய்பவர் முதலில் இவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும்.

முறைமைக்கு, விடுவிப்பு நடவடிக்கைக் கோப்பைத் தாள் தாளாகப் பார்க்க வேண்டும். அறிவிப்பு கொடுக்கப்பட்டதா, வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் வாய்ப்பு தரப்பட்டதா, மரியாதைக்குக் குறைவான விடுவிப்பு முன்மொழியப்பட்டிருந்தாலோ ஆறு ஆண்டுகளோ அதற்கு மேலோ பணி முடித்திருந்தாலோ நிர்வாக விசாரணைக் குழுவின் முன் ஆஜராகும் உரிமை மதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். 2009-இல் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம், களப்பணியிலிருந்து திரும்பி 24 மாதங்களுக்குள் இருந்து, மன அதிர்ச்சி நோயோ தலைக்காயத்தின் விளைவோ இருப்பதாகக் கண்டறியப்பட்டவரையோ நியாயமான முறையில் அவ்வாறு கூறியவரையோ, மரியாதைக்குக் குறைவான முறையில் விடுவிப்பதற்கு முன் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்கிறது. அந்தப் பரிசோதனைத் தாள் கோப்பில் இல்லையென்றால், அதுவே ஒரு தனி வாதம். ராணுவ நீதிமன்ற விசாரணையைத் தவிர்க்க விடுவிப்பைத் தாமே கேட்டு எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுடைய கையெழுத்து எந்தச் சூழலில் பெறப்பட்டது என்று கேட்பது அவசியம், ஆனால் கையெழுத்து இருப்பதாலேயே கோப்பை மூடிவிட வேண்டியதில்லை.

நான்கு கேள்விகள்

மன நோய், தலைக்காயம், பாலியல் வன்முறை அல்லது தொல்லை ஆகியவை சம்பந்தப்பட்ட மனுக்களைப் படிக்க, பாதுகாப்புத் துறை தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. 2014 செப்டம்பரில் அன்றைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் வெளியிட்ட குறிப்பு, மன அதிர்ச்சி நோயால் பாதிக்கப்பட்டோரின் மனுக்களைத் தாராள நோக்குடன் பரிசீலிக்கச் சொன்னது. 2017 ஆகஸ்டில் வந்த குறிப்பு அதை விரிவாக்கி, ஆய்வோர் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்றது. விடுவிப்பை மன்னிக்கவோ தணிக்கவோ கூடிய நிலையோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்த நடத்தையைத் தணிக்கிறதா? அது விடுவிப்புக்கான காரணத்தை விஞ்சி நிற்கிறதா?

முதல் இரண்டு கேள்விகளிலேயே பலர் தேவையின்றித் தடுமாறுகிறார்கள். பணிக்காலத்தில் மருத்துவர் எழுதிய குறிப்பு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மனுதாரரின் வாக்குமூலம் மட்டுமே கூட, வாசலைத் திறக்கும் சான்றாக ஏற்கப்படலாம். உடன் தங்கிய நண்பரின் கடிதம், வீட்டாரின் சாட்சியம், ஆலோசகரின் குறிப்பு ஆகியவையும் சான்றுகளே. பணித்திறன் திடீரெனச் சரிதல், இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள், போதைப் பழக்கம், பண விஷயத்தில் விளக்க முடியாத மாற்றம், உறவு முறிவு போன்ற நடத்தை மாற்றங்களையே அறிகுறிகளாகக் கருதலாம். முன்பு சொன்ன காலவரிசைத் தாள் இங்கேதான் பயன்படுகிறது.

மூன்றாம் கேள்விதான் கடினமானது, அதைத் தாண்டிக் குதிக்கும் மனுக்களே தோற்கின்றன. நோய் இருந்தது என்பதை நிறுவிவிட்டு, அது அந்தக் குறிப்பிட்ட தவற்றை எப்படி விளைவித்தது என்று சொல்லாமல் விட்டால், வாரியத்தின் முன் இரண்டு தனித்தனி உண்மைகள் மட்டுமே இருக்கும். தூக்கமின்மையால் தாமதமாக வந்தார் என்பதும், வேதனையை அடக்கப் போதைப்பொருளை நாடினார் என்பதும் நேரான தொடர்புகள். முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த குற்றத்தைப் பொதுவாக மன நோய் மன்னிப்பதில்லை என்று வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் தம்மைத் தாமே மருந்திட்டுக்கொள்ளும் முயற்சியாகப் போதையை நாடியதை அது வேறாகப் பார்க்கிறது. கஞ்சா போன்ற சில தவறுகளின் கடுமை காலத்தோடு மாறியிருப்பதையும், மரியாதையுடனான விடுவிப்புக்குக் குறையே இல்லாத பணி தேவையில்லை என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. இவற்றை மனுவில் மேற்கோளாகத் திணிப்பதைவிட, மனுதாரரின் சொந்தச் சம்பவத்தோடு பொருத்திக் காட்டுவதே பயன்தரும்.

நான்காம் கேள்வி எடை போடுவது. சிறு சிறு ஒழுங்கீனங்களுக்கு எதிரே களப்பணி அனுபவத்தை வைத்தால் தராசு எளிதாகச் சாயும், பிறரைத் தாக்கிய குற்றத்துக்கு எதிரே வைத்தால் அவ்வளவு எளிதில் சாயாது. இதை மனுதாரரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஆய்பவரின் கடமை.

கருணையும் பிந்தைய வாழ்வும்

2018 ஜூலையில் வந்த குறிப்பு, நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் நியாயம், அநீதி, கருணை ஆகியவற்றின் அடிப்படையில் நிவாரணம் அளிக்கும் வழிகாட்டுதலைத் தந்தது. வன்முறை இல்லாத தவறுகளுக்கு நிவாரணம் பொதுவாகக் கூடுதலாகப் பொருந்தும் என்றும், விடுவிப்புக்குப் பின் ஒருவர் நடந்துகொண்ட விதம் கருதப்படும் என்றும் அது கூறுகிறது. எனவே பட்டச் சான்று, வேலை கொடுத்தவரின் கடிதம், சமூகப் பணிக்கான சான்று முதலியவற்றை இணையுங்கள். சிபாரிசுக் கடிதம் எழுதுபவர், மனுதாரர் செய்த தவற்றை அறிந்தே எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள், தெரியாமல் எழுதிய புகழுரைக்கு எடை குறைவு. ஒருபால் ஈர்ப்புக் காரணமாக மட்டுமே விடுவிக்கப்பட்டவர்களின் நிலை வேறு. அவர்கள் வெளிப்படையாகப் படையில் பணியாற்ற இருந்த தடை 2011 செப்டம்பர் 20 அன்று நீங்கியது, வேறு தவறு எதுவும் சேராத மனுக்களில் நிவாரணம் வழங்குவதே வழக்கமாக வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டுள்ளது.

இப்போது கடிதத்தைப் படியுங்கள். எந்தக் கோரிக்கை, எந்தக் காரணம், எந்த இணைப்பு என்பவை எண்ணிட்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். தெளிவாக எழுப்பப்பட்ட ஒவ்வொரு வாதத்துக்கும் வாரியம் பதில் சொல்ல வேண்டும், குழம்பிய கடிதத்தில் புதைந்த வாதத்துக்குப் பதிலே வராமல் போகலாம். தளபதிமீது வசைபாடும் பத்திகளை நீக்கச் சொல்லுங்கள். தவற்றை அடியோடு மறுக்கும் வரி ஒன்றும், அதற்கு வருந்தும் வரி ஒன்றும் ஒரே கடிதத்தில் இருந்தால், எது உண்மை என்று அவரிடமே கேட்டு ஒன்றை நிறுத்துங்கள்.

மறுஆய்வு வாரியத்தில் முதலில் ஆவணங்களின்மேல் மட்டும் தீர்ப்புக் கேட்டு, அது மறுக்கப்பட்டால் 15 ஆண்டுக்குள் நேரில் ஆஜராகி வாதிட மீண்டும் கேட்கலாம். நேரில் ஆஜராவதையே முதலில் தேர்ந்தெடுத்தவருக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. விசாரணை முடிவில், இப்போது இருக்கும் தரத்தைவிடக் கீழே இறக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்பதையும், முன்னாள் படைவீரர் நலத் துறை தன் சலுகைகளுக்கான தகுதியைத் தனியாகத் தீர்மானிக்கிறது என்பதையும் மனுதாரரிடம் சொல்லிவையுங்கள். 2019 டிசம்பர் 20 அல்லது அதற்குப் பின் விடுவிக்கப்பட்டோர், இரு வாரியங்களிலும் முயன்று தோற்ற பின், இறுதி மேல்முறையீட்டு வாரியம் ஒன்றை அணுக முடியும். மறுப்பு ஆணை வந்தால் அதை எறிந்துவிடாமல், மனுவில் எண்ணிட்ட வாதங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, பதில் சொல்லப்படாத வாதம் எது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அடுத்த மனு அந்தக் குறிப்பிலிருந்துதான் எழுதப்படும்.