அவுட் ஆன பிள்ளை எப்போது இங்கிலீஷ் பேசும்?

2022-இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் (சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுப்பது) வந்த பிறகு, அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் ஆட்டமும் பாட்டும் அட்டைகளும் வழக்கமாகிவிட்டன. நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் குஷியாக விளையாடினார்கள் என்பதாலேயே இங்கிலீஷ் பேசினார்கள் என்று ஆகிவிடாது.

பெரிய தவறு, அவுட் ஆக்குவது. கட்டளையைக் கேட்டு அதன்படி செய்யும் 'சைமன் சேஸ்' விளையாட்டில் "சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்" என்றதும் காதைத் தொட்ட பிள்ளை முதல் நிமிடத்திலேயே சுவரோரம் போய் உட்காரும். அதிகப் பயிற்சி தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான். ஏற்கெனவே எல்லாம் தெரிந்த இரண்டு பேர்தான் கடைசிவரை ஆடுகிறார்கள். அதற்குப் பதிலாக, தவறியவரை முன்னால் அழைத்து அடுத்த கட்டளையைச் சொல்லச் சொல்லலாம். தெரியாவிட்டால் பக்கத்துத் தோழி காதில் சொல்லிக் கொடுக்கட்டும். டீச்சர் மாதிரி அதட்டிச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது!

அடுத்தது, ஓட்டம் மட்டும் இருந்து பேச்சே இல்லாத விளையாட்டு. மியூசிக்கல் சேரில் என்ன இங்கிலீஷ் இருக்கிறது? முப்பது பேரை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வைத்தாலும் இதே கதைதான். ஒருவர் பேச, மற்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். இருவர் இருவராக உட்கார வையுங்கள். தர்மபுரிப் பக்கம் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? ஒரு பிள்ளை கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஹவ் மெனி?" என்று கேட்க, மற்றது "த்ரீ" என்று ஊகிக்க வேண்டும். மாற்றி மாற்றி ஆடினால் ஐந்தே நிமிடத்தில் வகுப்பு முழுக்க வாய் திறந்துவிடும்.

விதிகளை நீளமாக விளக்குவதும் வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். பள்ளித் தமிழே அவர்களுக்கு இரண்டாம் மொழி, இங்கிலீஷ் மூன்றாவது. அவர்களிடம் இங்கிலீஷில் விதி சொல்வது வீண்; தமிழில் சொன்னாலும் பாதிதான் போய்ச் சேரும். இரண்டு பிள்ளைகளை வைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டினால் போதும்.

ஆட்டத்தின் நடுவே "இஸ்கூல் இல்ல, ஸ்கூல்" என்று நிறுத்தித் திருத்தாதீர்கள். "எஸ், ஸ்கூல்!" என்று சரியாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். அப்புறம், ஜெயித்தால் சாக்லேட் என்ற பழக்கம். நாளைக்குச் சாக்லேட் இல்லையென்றால் விளையாட்டும் இல்லை என்பார்கள்.

ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடக்கும் ஈராசிரியர் பள்ளியில் சத்தம்தான் கவலை. அங்கே சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "மேங்கோ" சொல்லுங்கள். கண்டுபிடித்த பிள்ளை பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கட்டும்.