வைரஸ் வந்துவிட்டதாகக் கணினி சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

"கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதாகக் காட்டுகிறது, என்ன செய்வது?" என்று உறவினர் யாராவது தொலைபேசியில் கேட்டால், "எது காட்டுகிறது?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். இதற்கு அநேகமாகப் பதில் கிடைக்காது. பதற்றத்தில் அந்தச் செய்தியை மூடிவிட்டிருப்பார்கள். இல்லையேல் அதிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டுத்தான் என்னை அழைத்திருப்பார்கள். விண்டோஸுடன் சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஆன்ட்டிவைரஸ், பிரவுசர், இவர்களுடைய வேடத்தில் வரும் மோசடிக்காரர் என்று எச்சரிக்கை விடுப்பவர்கள் பலர். பேசுவது யார் என்று பாராமல் பேச்சை மட்டும் கேட்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

என் சித்தப்பாவின் மடிக்கணினியில், வலது கீழ் மூலையில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிவப்பு எச்சரிக்கை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து வைரஸ்கள் பிடிபட்டிருப்பதாகவும், உடனே சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. அவர் இரண்டு முறை ஆன்ட்டிவைரஸை மாற்றிப் பார்த்தும் அது போகவில்லை. அந்தச் சிறு கட்டத்தை உற்றுப் பார்த்தபோது, பொடி எழுத்தில் கூகுள் குரோம் என்றும், அதன் பக்கத்தில் பெயர் தெரியாத ஓர் இணையதளத்தின் முகவரியும் இருந்தன. எப்போதோ கிரிக்கெட் பார்க்கப் போன இடத்தில் "அலோ" என்பதை அழுத்தி, அந்தத் தளம் அறிவிப்புகள் அனுப்ப அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். வந்தவை எல்லாம் அந்த அறிவிப்புகளே. குரோமின் அமைப்புகளில் "சைட் செட்டிங்ஸ்" பகுதிக்குள் "நோட்டிஃபிகேஷன்ஸ்" பட்டியலைத் திறந்து அந்த முகவரியை நீக்கியதோடு தொல்லை தீர்ந்தது. கணினியில் ஒரு வைரஸும் இருக்கவில்லை.

இதைவிட ஆபத்தானது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அபாயச் சங்கு போன்ற ஒலியோடு, "கணினியை அணைக்காதீர்கள், இந்த எண்ணை அழையுங்கள்" என்று மிரட்டும் பக்கம். அதில் ஓடும் ஸ்கேன் வெறும் அசைபடம். உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவிப் பார்க்கும் வழி ஒரு வலைப்பக்கத்துக்குக் கிடையாது. தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது; ஆகவே எண் இருந்தால் அது மோசடி என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை மூடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே அழைத்து, தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவ அனுமதித்துவிட்டவர்கள் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும், இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதில்தான் பணம் போகிறது.

உண்மையான எச்சரிக்கை என்று உறுதியான பிறகு நேரும் தவறு வேறு வகையானது. டிஃபெண்டரை நிர்வகிக்கும் விண்டோஸ் செக்யூரிட்டி செயலியில் "ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி" என்ற பகுதியை இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். அங்கே உள்ள ஒரு பதிவைச் சொடுக்கி விரித்தால், "ட்ரோஜன்:வின்32/வாக்கடாக்.பி!எம்எல்" என்பது போல ஒரு பெயர் தெரியும். முதலில் இருப்பது தீங்கின் வகை, அடுத்தது அது இயங்கும் தளம், அதற்கடுத்து அதன் குடும்பப் பெயரும் வகைக்குறியும். கடைசியில் உள்ள "எம்எல்" என்பது, ஏற்கெனவே அறியப்பட்ட அடையாளத்தை வைத்துப் பிடிக்காமல், இயந்திரக் கற்றலின் கணிப்பால் பிடித்ததைக் காட்டுகிறது. பெயரைவிட முக்கியமானது அதன் கீழே வரும் கோப்பின் இருப்பிடம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் நீங்கள் இன்னும் திறக்காத ஒரு ஸிப் கோப்புக்குள் பிடிபட்டது என்றால், வாசலிலேயே தடுத்தாயிற்று என்று பொருள். நிரல்கள் தங்கள் தரவுகளை வைத்துக்கொள்ளும் ஆப்டேட்டா கோப்புறைக்குள், நீங்கள் நிறுவாத ஒரு நிரலாகப் பிடிபட்டது என்றால், ஏதோ ஒன்று உள்ளே வந்து சிறிது நேரமாவது இயங்கியிருக்கக்கூடும். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது நிலை. குவாரன்டைன் செய்யப்பட்டது என்றால் கோப்பு இயங்க முடியாத வடிவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் அவசரமாகச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. "ரெமடியேஷன் இன்கம்ப்ளீட்" என்று இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது. அப்போது "டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" தேவைப்படும். அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்குமுன் சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு ஒளிய இடமிருக்காது.

பூட்டிய கோப்பை வெளியே விடுவது அடுத்த தவறு. விண்டோஸையோ ஆஃபீஸையோ காசு கொடுக்காமல் ஆக்டிவேட் செய்ய வைத்திருக்கும் கருவியை டிஃபெண்டர் "ஹேக்டூல்:வின்32/ஆட்டோகேஎம்எஸ்" என்று பிடிக்கும். "கிராக் என்றால் அப்படித்தான் காட்டும்" என்று சொல்லி, ஆன்ட்டிவைரஸை நிறுத்திவைக்கச் சொல்லும் குறிப்பையும் பின்பற்றிவிடுகிறோம். அதனுள்ளே வேறு எதுவும் வராது என்பதற்கு யார் உத்தரவாதம்? ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளுக்குள் பெருமளவில் புகுந்து, குடும்பப் புகைப்படங்களைக்கூடப் பூட்டிப் பணம் கேட்டது இத்தகைய கிராக் கோப்புகளின் வழியாகத்தான். இன்னும் மோசம், டவுன்லோட்ஸ் கோப்புறையையோ சி டிரைவையோ முழுதாகவே, டிஃபெண்டர் சோதிக்காமல் விட வேண்டியவற்றின் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" பட்டியலில் சேர்த்துவிட்டு மறந்துவிடுவது. உங்கள் கணினியில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஒன்று அதில் இருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை.

அதற்காக ஆன்ட்டிவைரஸ் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பையே வைரஸ் என்று தவறாகப் பிடித்ததில், ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கமாகி முடங்கின. 2022 செப்டம்பரில் டிஃபெண்டர், குரோம் போன்ற சாதாரண நிரல்களைத் திறக்கும்போதெல்லாம் "ஹைவ்.இசட்ஒய்" என்ற பெயரில் எச்சரித்தது, அதுவும் ஒரு புதுப்பிப்பின் பிழை, விரைவிலேயே சரிசெய்யப்பட்டது. நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்தால்தான் அதைத் தமிழ் எழுத்தாக மாற்ற முடியும். கடவுச்சொல் திருடும் கீலாகரும் விசைகளை இடைமறிக்கத்தான் செய்கிறது. தனியொருவர் எழுதி இலவசமாகத் தரும் இத்தகைய சிறு மென்பொருள் சந்தேகத்துக்கு உள்ளாவதில் வியப்பில்லை. "விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி" என்று நீல நிறத்தில் தோன்றும் ஸ்மார்ட்ஸ்கிரீன் செய்தியோ பெரும்பாலும் இந்த நிரலை இதுவரை அதிகம் பேர் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்று மட்டுமே சொல்கிறது. வைரஸ் என்று அது தீர்ப்பளிக்கவில்லை.

இப்படிச் சந்தேகம் வரும்போது, 2012 முதல் கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றி, பல நிறுவனங்களின் ஆன்ட்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். பெயர் கேள்விப்படாத ஓரிரு நிறுவனங்கள் மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான கணிப்பாக இருக்கலாம். முன்னணி நிறுவனங்கள் பல ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அங்கே ஏற்றும் கோப்புகள் பிற நிறுவனங்களின் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும் என்பதால், ஆதார் நகலையோ வங்கி அறிக்கையையோ அதில் ஏற்றக் கூடாது.

ஒரே எச்சரிக்கை தினமும் வந்தால், தினமும் "ரிமூவ்" அழுத்துவது தரையைத் துடைத்துக்கொண்டே குழாயைத் திறந்துவைப்பது போன்றது. எங்கள் வீட்டில் அந்தக் குழாய் ஒரு பென் டிரைவ். பிரின்ட் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும்போதெல்லாம் கடைக் கணினியிலிருந்து தொற்றிய வைரஸால் அதிலிருந்த கோப்புறைகள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. டிஃபெண்டர் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் பிடித்தது. மின்னஞ்சலில் அனுப்பிப் பிரின்ட் எடுக்கத் தொடங்கியதும் எச்சரிக்கை நின்றுபோனது.

கடைசியாக, வைரஸோடு சம்பந்தமே இல்லாத ஒன்று. பழைய மேசைக் கணினியை நெடுநாள் கழித்துத் திறந்தால், போகும் தளமெல்லாம் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கிறது. உடனே ஃபார்மட் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். அது பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. தளங்கள் தங்களை அடையாளம் காட்டப் பயன்படுத்தும், காலவரம்புள்ள சான்றிதழ்கள் எல்லாம் இனிமேல்தான் செல்லுபடியாகும் என்று அந்தக் கணினி நம்பிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.