வெற்று மூடி இருந்த இடத்தில் ஒரு சுவிட்ச்: மலை வண்டிக்குத் துணை விளக்கு இணைக்கும் முறை

தார், ஜிம்னி, பொலிரோ என்று எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும், ஸ்டியரிங்குக்கு அருகே டேஷ்போர்டில் ஒன்றிரண்டு வெற்று மூடிகள் இருப்பது வழக்கம். விலை கூடிய மாடலில் ஏதோ ஒரு வசதிக்கான சுவிட்ச் அமரும் இடம் அது. நம் வண்டிக்கு அந்த வசதி இல்லாததால் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த மூடியைக் கழற்றிவிட்டு, அதே அளவில், இரவில் ஒளிரும் அதே குறியோடு, கம்பெனியிலிருந்தே வந்தது போன்ற சுவிட்ச் ஒன்றைப் பொருத்தித் துணை விளக்குகளை அதனுடன் இணைப்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் பாதைகளில் இரவில் ஓட்டுகிறவனுக்கு இது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல. டேஷ்போர்டின் அடியில் தொங்கும் தனிச் சுவிட்சை இருட்டில் தடவித் தேடும் நேரத்துக்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்றுதான்: டேஷ்போர்டுச் சுவிட்ச் விளக்குக்கு மின்சாரம் கொடுப்பதற்கு உரியது அல்ல, ரிலேவுக்கு, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்சுக்கு, கட்டளை கொடுப்பதற்கு மட்டுமே உரியது. 55 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டை எரித்தால் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அதோடு, குளிர்ந்திருக்கும் இழை முதல் கணத்தில் இதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கட்டை விரல் அளவுள்ள இவ்வகைச் சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடுகள் சில ஆம்பியருக்கு மேல் தாங்குவதில்லை. ரிலேயின் சுருளுக்கோ 0.15 முதல் 0.2 ஆம்பியர் வரை போதும். ரிலே இல்லாமல் நேரடியாக இணைத்தால் சுவிட்ச் உருகும் என்பது ஒருபுறம் இருக்க, விளக்கே மங்கிப்போகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து மறுபடியும் முன் பம்பருக்குப் போகும் 5 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மி.மீ. வயரில் 9 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே ஏறத்தாழ 0.8 வோல்ட் தொலையும். ஹாலோஜன் விளக்கின் ஒளி அதனால் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் ரிலேவை வைத்து, 2.5 சதுர மி.மீ. வயரை 2 மீட்டர் மட்டும் ஓட்டினால் இழப்பு 0.13 வோல்ட்டுக்குள் அடங்கும்.

எந்த விளக்கை வாங்குவது என்பதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. ஆனால் மலையில் இருப்பவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூரத்துக்கு அடிக்கும் டிரைவிங் லைட் வேறு, அகலமாகத் தரையை ஒட்டி அடிக்கும் ஃபாக் லைட் வேறு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையிலும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையிலும் சாலையை மேகம் மூடும்போது முதல் வகையைப் போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். கூரைமேல் வைக்கும் எல்.இ.டி. பார் அந்த நேரத்தில் இன்னும் மோசம். ஒளி நம் பார்வைக்கோட்டை ஒட்டியே போய்த் துளிகளில் பட்டு நம்மிடமே திரும்புகிறது, பானட்டும் பளபளக்கிறது. மஞ்சள் ஒளி பனிமூட்டத்தைத் துளைக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மூட்டத்தின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எந்த நிறமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறுகிறது; மஞ்சளில் கண் கூசுவது குறையலாம், அவ்வளவே. உண்மையில் உதவுவது விளக்கு தாழ்வாக இருப்பதும், அதன் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல வெட்டப்பட்டிருப்பதும்தான்.

இந்த வேறுபாடு வயரிங்கையும் தீர்மானிக்கிறது. ரிலேவைத் தூண்டும் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே இந்த வேலையில் யோசித்துச் செய்ய வேண்டிய இடம். டிரைவிங் லைட்டுக்கு அதை ஹை பீம் வயரிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எதிரே ஒரு வண்டி வளைவிலிருந்து வெளிப்படும்போது இடது கை கியரிலும் வலது கை ஸ்டியரிங்கிலும் இருக்கும். அப்போது விரலால் டிம் செய்தால் ஹெட்லைட்டோடு துணை விளக்கும் சேர்ந்து அணைய வேண்டும்; தனிச் சுவிட்சைத் தேடி அணைக்கும் நிலை வரக்கூடாது. ஃபாக் லைட்டுக்கு நேர்மாறாக, பார்க் லைட் வயரிலிருந்து எடுக்க வேண்டும். ஹை பீமிலிருந்து எடுத்தால் தேவைப்படாத நேரத்தில் மட்டுமே அது எரியும். இரண்டு வகையும் வேண்டுமென்றால் இரண்டு ரிலே, இரண்டு சுவிட்ச். ஒன்றோடொன்று கலக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றிவிடவும். ரிலேயின் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் வர வேண்டும். 87 என்ற காலிலிருந்து விளக்குகளுக்கு அதே கனமுள்ள வயர் போகும். 86க்குச் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர், 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் உலோகப் பாடிக்கு. ஐந்து கால் ரிலேயாக இருந்தால் நடுவில் உள்ள 87ஏ என்ற காலை வெறுமனே விடவும். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30உடன் சேர்ந்திருப்பது அந்தக் கால்தான், அதில் விளக்கை இணைத்துவிட்டால் சுவிட்சை அணைத்தால் விளக்கு எரியும் வேடிக்கையைக் காணலாம். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 86 பாசிட்டிவாகவும் 85 நெகட்டிவாகவும் இருந்தே தீர வேண்டும்.

ஃப்யூஸ் விளக்கைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். ரிலேவுக்குப் பக்கத்தில் வைத்தால் பேட்டரிக்கும் ஃப்யூசுக்கும் இடையே உரசி அறுந்த வயரைக் காக்க எதுவும் இருக்காது. 9 ஆம்பியர் இழுக்கும் ஹாலோஜன் ஜோடிக்கு நீல நிறமுள்ள 15 ஆம்பியர் ஃப்யூஸ் சரி. எல்.இ.டி. என்றால் பெட்டிமேல் அச்சிட்ட வாட்டை நம்பாமல், மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனையில் தொடராக இணைத்து உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று ஒவ்வொரு விளக்காக அளந்து பார்த்துவிட்டு, அதைவிடக் கால் பங்கு கூடுதலாக உள்ள அடுத்த ஃப்யூசைப் போடவும். 300 வாட் என்று எழுதியிருப்பது அதில் நான்கில் ஒரு பங்குகூட இழுக்காததைக் கண்டு வியப்படைய வேண்டாம்.

சுவிட்சைப் பொறுத்தவரை, கம்பெனி மாதிரியில் வரும் பெரும்பாலானவற்றில் நான்கோ ஐந்தோ முனைகள் இருக்கும்: மின்சாரம் உள்ளே வருவது, ரிலேவுக்கு வெளியே போவது, எர்த், பிறகு இரவில் குறி ஒளிர்வதற்கான பாசிட்டிவ், சிலவற்றில் அதற்கே தனி நெகட்டிவ். வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரு தயாரிப்பாளரின் சிவப்பு இன்னொருவரின் பச்சை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, சுவிட்சை அழுத்தும்போது ஒலித்து விடுவிக்கும்போது நிற்கும் இரண்டு முனைகளைக் கண்டுபிடித்தால் அவைதாம் உள்ளே வருவதும் வெளியே போவதும். மற்றவற்றை 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட 12 வோல்ட் வயரால் தொட்டுப் பார்த்து, எது ஒளிர்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையைத் தவிர்த்ததற்கு நான் தண்டனை அனுபவித்தவன். முதல் முறை செய்தபோது, வெளியே போகும் முனையையும் குறி ஒளிரும் முனையையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். போதாக்குறைக்குச் சுவிட்சுக்கான மின்சாரத்தை ஹை பீமிலிருந்து எடுக்காமல் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்திருந்தேன். அழுத்தினால் துணை விளக்கு எரியவில்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவிட்சை அழுத்திய நிலையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். சுவிட்சின் வழியாக மின்சாரம், பார்க் லைட்டோடு சேர்ந்த குறி வயரில் பின்னோக்கிப் போய், வண்டியின் பார்க் லைட், டெயில் லைட் எல்லாவற்றையும் இரவு முழுவதும் எரித்திருக்கிறது. டிசம்பர் மாதம், புல்லெல்லாம் உறைபனி; காலையில் ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகக்கூட இல்லை. வண்டியைத் தள்ள வந்த பக்கத்து வீட்டு அண்ணன்தான், “ராத்திரியெல்லாம் பின்னாடி லைட் எரிஞ்சுதே தம்பி, வேணும்னுதான் போட்டிருக்கேன்னு நினைச்சேன்” என்றார்.

எனவே இணைப்பு இப்படி அமைய வேண்டும். ஹை பீம் வயரிலிருந்து, அல்லது பார்க் லைட் வயரிலிருந்து, 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகச் சுவிட்சின் உள்முனைக்கு ஒரு வயர். வெளிமுனையிலிருந்து ரிலேயின் 86க்கு ஒரு வயர். இவற்றுக்கு 0.75 சதுர மி.மீ. தாராளம். குறி ஒளிரும் பாசிட்டிவை, பக்கத்துச் சுவிட்சுக்கு அதே வேலைக்காக வரும் வயரோடு சேர்க்கவும். அப்போதுதான் பார்க் லைட்டைப் போட்டதும் எல்லாச் சுவிட்சுகளும் ஒன்றாக ஒளிரும். சில வண்டிகளில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு நெகட்டிவ் பக்கத்தில் இருக்கிறது. அவற்றில் குறியின் நெகட்டிவையும் பக்கத்துச் சுவிட்சின் நெகட்டிவோடே சேர்க்க வேண்டும், பாடியில் எர்த் செய்யக்கூடாது. ஹை பீமிலிருந்து மின்சாரம் எடுக்கும் இந்த முறையில், சுவிட்சில் உள்ள சிறு எல்.இ.டி., துணை விளக்கு உண்மையிலேயே எரியும்போது மட்டும் ஒளிரும், டிம் செய்தால் அணையும். பொய் சொல்லாத சுவிட்ச் என்று நான் அதை விரும்புகிறேன்.

ஹை பீம் வயரைத் தொடுவதற்கு முன் இரண்டு சோதனைகள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, டிம்மிலும் ஹை பீமிலும் அந்த வயரில் என்ன வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கவும். ஹை பீமில் 12 வோல்ட்டும் டிம்மில் சுழியும் காட்டினால் மேலே சொன்ன முறை பொருந்தும். நேர்மாறாக, ஹை பீமில் சுழிக்கு இறங்கினால் அந்த வண்டியில் ஹெட்லைட்டின் நெகட்டிவ் பக்கமே சுவிட்ச் செய்யப்படுகிறது என்று பொருள்; ஜப்பானிய வடிவமைப்புகள் சிலவற்றில் இது உண்டு. அங்கே இக்னிஷனுக்குப் பின் வரும் பாசிட்டிவைச் சுவிட்ச் வழியாக 86க்கும், ஹை பீம் வயரை 85க்கும் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, ஹை பீம் வயரில் மட்டும் 9, 10 என்று காட்டினால், வண்டியின் கணினி மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. அதில் ரிலேவை மாட்டினால் அது தந்தி அடிப்பது போலப் படபடக்கும். அத்தகைய வண்டிக்கு அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போவது நல்லது.

பானட்டிலிருந்து டேஷ்போர்டுக்குள் வயரை நுழைக்கும் இடத்தில் ஏற்கெனவே உள்ள ரப்பர் க்ரோமெட்டை, அதாவது துளையின் விளிம்பை மூடும் வளையத்தை, பயன்படுத்தவும். புதிதாகத் துளை போட்டால் அதற்கும் க்ரோமெட் போட வேண்டும். வெட்டிய தகட்டின் விளிம்பு ஒரே ஆண்டுக் குலுக்கலில் வயரைத் தின்றுவிடும். வயர் முழுவதற்கும் நெளிவுக் குழாய் உறை, இணைப்புகளை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி அதன்மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபடுத்தினால் சுருங்கி இறுகும் குழாய்). வெறும் கறுப்பு டேப் நம் ஊர் ஈரத்தில் ஒரு பருவமழைக்குள் கழன்று பிசுபிசுக்கும். விளக்கின் கனெக்டருக்குச் சற்று முன்னால் வயரைக் கீழே தொங்கும் வளைவாக விட்டால் மழைநீர் அங்கே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

எர்த் பெரும்பாலும் அலட்சியப்படுத்தப்படுகிறது. மங்கும் விளக்குகளில் பாதிக்கு அதுதான் காரணம் என்பது என் அனுபவம். பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே லக்கை (வயர் முனையில் அழுத்திய உலோக வளையத்தை) பல் வாஷருடன் முறுக்கி, மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவி மூட வேண்டும். புதிய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மின்சாரத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கும்; அங்கே நேரடியாக இணைக்காமல் பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் இணைக்கவும்.

எல்லாம் முடிந்து பேட்டரியை மாட்டியதும், எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளை எரித்துக்கொண்டு பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு முறை, விளக்கின் இரு முனைகளிலும் ஒரு முறை வோல்ட் அளந்து பார்க்கவும். வித்தியாசம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. ஃபாக் லைட்டைச் சரிசெய்ய, சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி வைக்க வேண்டும். நீலகிரியில் இதற்கான சமதளத்தைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையிலேயே கடினமானது. நான் பெட்ரோல் பங்க் ஒன்றில் கெஞ்சி இடம் வாங்கினேன்.

சட்டமும் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடை செய்கிறது. துணை விளக்கு பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடவும். பொதுச் சாலையில் போகும்போது டிரைவிங் லைட்டுக்கு மூடி போட்டிருக்கட்டும். எஸ்டேட் பாதையில் காட்டெருமை எதிர்ப்பட்டால் துணை விளக்கை அணைத்து, டிம்மில் நின்று, அது நகரும்வரை காத்திருப்பதே வழி. வெளிச்சத்தில் கண் கூசிய விலங்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. முதுமலைச் சாலையிலோ இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கே தடை, ஆகவே அங்கே காட்ட வேண்டிய வெளிச்சம் என்று ஒன்றும் இல்லை.

முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு நாள் பானட்டைத் திறந்து கனெக்டர்களைக் கழற்றிப் பார்த்து, பச்சை பூத்திருந்தால் துடைத்துவிட்டு மாட்டவும். எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்க்கவும். கடைசியாக, எந்த நிற வயர் எந்தக் காலுக்குப் போகிறது, எந்த ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு சிறு தாளில் எழுதி, ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைக்கவும்; இரண்டு ஆண்டு கழித்து மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பழுது தேடும்போது, அதை எழுதியவர் நீங்களே என்றாலும் உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது.