சிங்கப்பூர்க் கல்விப் பயணம்: முதல் நாளை அமைக்கும் முறை

சென்னையிலிருந்து இரவு விமானத்தில் புறப்படும் மாணவர் குழு, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, விடியும் வேளையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டியிருப்பதால் எவருக்கும் போதிய தூக்கம் இருக்காது. விடுதி அறையோ பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். இந்த இடைவெளியில் நான்கைந்து இடங்களை அடுக்கிவிடுவது பயண ஏற்பாட்டாளர்களின் வழக்கம். கட்டடக்கலை, நகரமைப்பு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அதற்கு இசையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் நாளுக்கு ஓரிடமும், அங்கிருந்து நடந்தே பார்க்கக்கூடிய சில தெருக்களும் போதும்.

அந்த நாளுக்கான வேலை ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. விசா கையில் இருந்தாலும், சிங்கப்பூர் சென்றடைவதற்கு முன், சென்றடையும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையத்தளம் அரசுத் தளம் அன்று. அட்டையில் முகவரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிடாமல், ஒவ்வொரு மாணவரும் தம் சொந்த மின்னஞ்சலையே கொடுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கடவுச்சீட்டில் முத்திரையாகக் குத்தாமல், அந்த முகவரிக்கே அனுப்புகிறார்கள்.

பெட்டி கட்டும் போதே பெற்றோரிடமும் பேசிவிடுவது நல்லது. சூயிங்கம், மின் சிகரெட் ஆகியவற்றை எடுத்துச் செல்லக் கூடாது. பலருக்கும் தெரியாத ஒன்று, நம் அடுக்களையில் சாதாரணமாக இருக்கும் கசகசாவையும் தவிர்க்க வேண்டும் என்பது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கக்கூடும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம் என்பதால், மருந்து உட்கொள்ளும் மாணவர்களின் மருத்துவச் சீட்டை முன்னரே வாங்கிப் பாருங்கள்.

குழுவை அறுவர் அறுவராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள். முப்பது பேரை ஆசிரியர் ஒருவரே நெரிசலில் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, ஐந்து பொறுப்பாளர்கள் "எல்லாரும் இருக்கிறோம்" என்று சொல்லக் கேட்பது விரைவானது, தவறுக்கும் இடம் குறைவு. குடிநுழைவுச் சோதனையில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவார்கள். ஆகவே, பெட்டிகள் வரும் பட்டையருகே கூடுவது என்று விமானம் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள். விடுதி முகவரியும், காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995 என்ற எண்களும் அச்சிட்ட சீட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

பெட்டிகளைப் பேருந்தில் விடுதிக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பில் விட்டபின், எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலில் மேக்ஸ்வெல் நிலையத்துக்குச் செல்லுங்கள். ரயிலுக்குள் உண்பதும் தண்ணீர் குடிப்பதும் கூட அபராதத்துக்குரியவை என்பதை ஏறும் முன் நினைவூட்டுங்கள்.

அந்த ஓரிடம், நகர மறுசீரமைப்பு ஆணையம் நடத்தும் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம். நுழைவுக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை என்பதால் பயண நாளை அதற்கேற்ப அமையுங்கள். நகர மையத்தின் மாபெரும் மாதிரியுரு அங்கே இருக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் போகவிருக்கும் இடங்களை மாணவர்கள் தாமே அதில் தேடிக் கண்டுபிடிக்கட்டும், விளக்கவுரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

மதிய உணவுக்கு அருகிலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் உண்டு. உண்டபின் தட்டை உரிய இடத்தில் வைப்பது அங்கே சட்டப்படியான கடமை. சைவ உணவு உண்போருக்கு அங்கே தெரிவு குறைவு என்பதால் மாற்று ஏற்பாடு செய்துவையுங்கள்.

பிறகு சவுத் பிரிட்ஜ் சாலையில் நடக்கலாம். 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசலும் ஒன்றையொன்று அடுத்தே நிற்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சந்துகளில், கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கடைவீடுகளுக்குத் திரும்புங்கள். கடை முகப்புகளை ஒட்டி, மேல்மாடியின் நிழலில் ஓடும் ஐந்தடிப் பாதையை, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822ஆம் ஆண்டு நகரமைப்பு அறிவுரைகளிலேயே வலியுறுத்தினார். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அளவுநாடா கொடுங்கள். பாதையின் அகலம், தூண்களுக்கிடையிலான தூரம், ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தரைமட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பவற்றை அளந்து குறித்துக்கொள்ளட்டும். பெயரில் ஐந்தடி இருந்தாலும் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. ஏன் என்று அவர்களே கேட்கத் தொடங்கும்போது, பாடம் நடக்கிறது என்று நீங்கள் அறிந்துகொள்ளலாம். மதியத்தில் மழை பிடித்துக்கொண்டால் வேலையை நிறுத்த வேண்டாம். அந்தப் பாதை எதற்காக அமைந்தது என்பதை நனையாமல் நின்று காண அதைவிட நல்ல வேளை வாய்க்காது.

நான்கு மணிக்குமேல் எதையும் வைக்காதீர்கள். விடுதிக்குத் திரும்பி அறைகளைப் பிரித்துக் கொடுத்து, அங்குள்ள செவ்வக வடிவ மூன்று முனைச் செருகிக்கான அடாப்டர் இல்லாதவர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் பேசச் சொல்லுங்கள். இரவு உணவுக்குப் பின் பொறுப்பாளர்கள் ஐவரையும் அழைத்து, உடம்பு சரியில்லாதவர், சாப்பிடாதவர், பேசாமல் ஒதுங்கியிருப்பவர் யார் யார் என்று கேட்டறிந்து, மறுநாள் புறப்படும் நேரத்தை அவர்கள் வழியாகவே எல்லா அறைகளுக்கும் தெரிவியுங்கள்.