டாக்டர் சொன்னது மறக்காமலிருக்க

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பயத்தில் இருக்கும்போது டாக்டர் சொல்வதில் பாதி மனதில் பதியாது. அதனால் உட்கார்ந்ததுமே, "டாக்டர், போலே சாயா ரெக்கோட்?" (நான் பதிவு செய்யலாமா?) என்று மலாயில் கேளுங்கள். சம்மதித்தால் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மலாய் சரியாகப் புரியாத அம்மாவுக்கு அப்புறம் வீட்டில் நிதானமாகத் தமிழில் சொல்லலாம்.

கிளம்பும் முன், "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா டாக்டர்?" என்று நீங்களே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். என்னைக் கேட்டால், பதிவைவிட இதுதான் முக்கியம். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்கள், 38 டிகிரிக்குக் காய்ச்சல் ஏறினால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் கேட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். நடு ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.