சுகர் உள்ளவர் காலில் அல்ட்ராசவுண்ட் வைக்கும் முன்

முட்டுவலிக்கும் குதிகால் வலிக்கும் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பிசியோதெரபிக்குச் செல்லும் சுகர் நோயாளிகள், அங்கே வைக்கும் அல்ட்ராசவுண்ட் (காதுக்குக் கேளாத ஒலி அலையால் தரும் சிகிச்சை) இரத்தக் குழாயையும் சரிசெய்துவிடுமா என்று கேட்பதுண்டு. சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்த செல்கள் பழுதுபட்டு, குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குறைந்த செறிவில் விட்டுவிட்டுச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் அதன் உற்பத்தியைத் தூண்டுவதை ஆய்வகச் செல்களிலும் விலங்குகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நீரிழிவுக்கான வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. குழாயைச் சீராக்கித் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால், கொடுக்காதிருப்பதே நல்லது.

வலிக்காக வைத்துக்கொள்வதானால், முதலில் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை, நீங்கள் கண்ணை மூடியிருக்கையில், பாதத்தின் பல இடங்களில் வளையும் வரை அழுத்தி எடுப்பார்கள். பட்டது தெரியாத காலில் அல்ட்ராசவுண்டின் சூடும் தெரியும் என்று நம்ப முடியாது. கடற்கரையிலும் ரப்பர் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தில் காய்ப்பு இருக்கும். அந்த இடத்தைத் தவிர்த்துச் சோதித்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.

அடுத்தது இரத்த ஓட்டம். கணுக்காலில் எடுத்த இரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால், காலின் தமனி அடைபட்டிருக்கக்கூடும். 1.4-க்கு மேலே போனாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகினால் அப்படித்தான் காட்டும். ஓட்டம் குறைந்த காலில் இரத்தம் சூட்டை வேகமாகக் கடத்திச் செல்லாததால் தோல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. உணர்ச்சி, இரத்த ஓட்டம் இவ்விரண்டில் எது குறைந்திருந்தாலும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மருத்துவரைக் கேட்காமல் மேலே செல்லக் கூடாது. காலின் சிரையில் இரத்தம் உறைந்திருப்பவர்களுக்கும், புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்திலும் இது அறவே ஆகாது.

வர்மத் தைலம் தேய்த்த காலாக இருந்தால் கழுவித் துடைத்துவிட்டுச் செல்லுங்கள். காற்று இந்த ஒலியைத் திருப்பியடித்துவிடும் என்பதால், தோலுக்கும் கருவியின் தலைக்கும் இடையில் ஜெல் நிறைந்திருக்க வேண்டும். தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒலியின் அதிர்வெண்ணில் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்திற்கும் 3 மெகாஹெர்ட்ஸ் மேல்தசைக்கும் உரியவை. தொடர்ச்சியாகச் செலுத்துவது அதிகம் சூடாக்கும்; சுகர் உள்ளவர் விட்டுவிட்டுச் செலுத்தும் முறையைக் கேட்டுப் பெறலாம். எலும்பருகே குடைவதுபோல் வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து, சிவப்போ கொப்புளமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.